ஃபயர்பேஸா சூப்பாபேஸா? முதல்ல வெளிய போற வழிய காட்டு

நேத்து ராத்திரி மறுபடியும் ஒரு வீடியோ வந்துச்சு. 'ஃபயர்பேஸ் வெர்சஸ் சூப்பாபேஸ் வெர்சஸ் ஆப்ரைட்'. ஒரு பெரிய டேபிள். பச்சை டிக், சிவப்பு இன்ட்டு. லாகின் இருக்கா? டிக். ஸ்டோரேஜ் இருக்கா? டிக். ரியல்டைம்? எல்லாருக்கும் டிக்.

கடைசில அந்த தம்பி சிரிச்சுக்கிட்டே "இட் டிபெண்ட்ஸ்"னு முடிச்சுட்டான்.

எதைப் பொறுத்துய்யா? அத தெரிஞ்சுக்கத்தானே இவ்ளோ நேரம் உக்காந்து பாத்தேன்?

அனுப்பினது என் தங்கச்சி பையன். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கீழ ஒரு மெசேஜ் வேற: "மாமா, லெக்சர் வேணாம். எது எடுக்கட்டும்? ஒரே வார்த்தை."

டேய், லெக்சர்தான். உக்காரு.

(புதுசா வந்தவங்களுக்கு: ஆப் எழுதுறவங்க லாகின், டேட்டாபேஸ், ஃபோட்டோ வைக்கிற இடம், நோட்டிஃபிகேஷன் எல்லாத்துக்கும் தனித்தனியா சர்வர் கட்டாம, ரெடிமேடா வாங்கிக்கிற சமாச்சாரம் இது. பேக்எண்ட் ஆஸ் எ சர்வீஸ், சுருக்கமா 'பாஸ்'. தெரிஞ்சவங்க இந்த பிராக்கெட்ட தாண்டி போய்டுங்க.)

டிக் மார்க்ல எனக்கு நம்பிக்கை போனதுக்கு காரணம் ஒரு தண்ணி கேன் கடை.

நம்ம பெங்களூர் அல்சூர்ல, ஜோகுபாளையா பக்கம் ஒரு சந்துல இருக்கு. கடைக்கார அண்ணன் கேட்டது சின்ன விஷயம். "தம்பி, எந்த வீட்டுக்கு எத்தன கேன் போச்சு, எத்தன எம்ப்டி திரும்பி வந்துச்சு, எவன் காசு தரணும். இது மூணும் ஃபோன்ல தெரியணும். அவ்ளோதான்." இருபது லிட்டர் கேனுக்கு டெபாசிட் ஒண்ணு இருக்குல்ல, அதுலதான் பாதி சண்டை. "நாங்க ரெண்டு எம்ப்டி குடுத்துட்டோமே"ன்னு வீட்டுக்காரம்மா சொல்வாங்க. "ஒண்ணுதான் குடுத்தாங்க"ன்னு டெலிவரி பையன் சொல்வான்.

மூணே மூணு கேள்வி. இத வெச்சு ஒவ்வொரு தளத்தையும் உரசிப் பாத்தேன். டேபிள்ல தெரியாதது எல்லாம் அங்கதான் வெளிய வந்துச்சு.

முதல்ல ஃபயர்பேஸ். ஞாயமா சொல்லணும்னா, ஆரம்பிக்கிறதுக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. 2011ல ஒரு குட்டி கம்பெனியா தொடங்கினது. 2014ல கூகுள் வாங்கிடுச்சு. காபி ஆறுறதுக்குள்ள லாகின் ஸ்க்ரீன் ஓடும்.

ஆனா அதுல இருக்கிற ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸ் காசு கணக்கு பண்ற விதம் வேற. எத்தன டாக்குமெண்ட் படிச்ச, எத்தன எழுதினங்கறதுதான் மீட்டர். இலவச அளவு ஒரு நாளைக்கு 50,000 ரீட், 20,000 ரைட். கேக்க பெரிய நம்பர்தான். இப்ப நம்ம கடைக்கு கணக்கு போடுவோம்.

300 வீடு வெச்சுக்கோங்க. லிஸ்ட் ஸ்க்ரீன் ஒரு தடவ திறந்தா 300 ரீட். டெலிவரி பசங்க 5 பேர். ஒவ்வொருத்தனும் நாளைக்கு 30 தடவ ஆப்ப திறந்து மூடுறான் (நடுவுல ரீல்ஸ் பாக்கணும்ல). 300 பெருக்கல் 150. 45,000 ரீட்!

ஒரு சந்துக்கடை. அஞ்சு பசங்க. இலவச அளவு கிட்டத்தட்ட காலி.

உடனே "கேஷ் இருக்கே"ன்னு ஒருத்தர் கிளம்புவாரு. இருக்கு. ஃபோன்லயே ஒரு காப்பி வெச்சுக்கும். ஆனா இணைப்பு அரை மணி நேரத்துக்கு மேல அறுந்து போய் திரும்ப வந்தா, முழு லிஸ்டையும் புதுசா படிச்ச மாதிரிதான் கணக்கு வரும். டெலிவரி பையன் சாப்பிட போனாலே அரை மணி நேரம் ஆயிடும்.

இன்னொரு தமாஷ். அந்த தினசரி அளவு புதுசாகுறது அமெரிக்க பசிபிக் நேரம் நள்ளிரவுல. நமக்கு அது மதியம் பன்னெண்டரை, குளிர்காலத்துல ஒன்றரை. இலவச பிளான்ல காலை ரவுண்டு முடியறதுக்குள்ள அளவு தீந்துட்டா, அமெரிக்காக்காரன் தூங்கப் போற வரைக்கும் அல்சூர்ல தண்ணி கணக்கு நிக்கும்.

தீர்வு இல்லாம இல்ல. ஒரு ரூட்டோட எல்லா வீட்டையும் ஒரே டாக்குமெண்ட்ல அடைச்சு வெச்சா 60 ரீட் ஆகுற இடத்துல ஒரு ரீட்ல முடிஞ்சிரும் (ஒரு டாக்குமெண்ட் 1 எம்பிக்குள்ள இருக்கணும், அவ்ளோதான்). நான் அதையும் பண்ணிப் பாத்தேன், ஓடுச்சு. ஆனா கவனிங்க, அந்த நேரத்துல நான் தண்ணி கடைக்கு ஆப் எழுதல. கூகுளோட மீட்டருக்கு ஆப் எழுதிட்டிருந்தேன். டேட்டாவ எப்படி அடுக்கணும்னு கடைக்காரரோட தேவை சொல்லணுமா, பில் சொல்லணுமா?

சின்ன கடைக்கு இது பைசா விஷயம்தான். லட்சம் ரீடுக்கு சில சென்ட்தான் வரும். பயம் வேற எடத்துல இருக்கு. 2018ல கொலம்பியாவுல வாக்கின்னு ஒரு நிதி திரட்டுற தளம். மொத்தம் எவ்ளோ வசூலாச்சுன்னு காட்டுறதுக்கு, பக்கத்த திறக்கிற ஒவ்வொருத்தருக்கும் எல்லா பேமெண்ட் டாக்குமெண்டையும் படிச்சு கூட்டிட்டு இருந்துச்சு அவங்க கோட். அப்ப ஒரு தேர்தல் வேட்பாளருக்கான வசூல் பத்திக்கிச்சு. கூட்டம் குவிஞ்சுது. 72 மணி நேரத்துக்குள்ள 30,000 டாலர் பில். ஒரே ஒரு கூட்டல் எழுதின இடம் தப்பு, அவ்ளோதான். பட்ஜெட் அலர்ட்னு ஒண்ணு இருக்கு, அது மெயில் அனுப்பும். ஓட்டத்த தானா நிறுத்தாது. தூங்கிட்டு இருந்தா மெயில் வந்து என்ன புண்ணியம்?

சரி, அடுத்தது சூப்பாபேஸ்.

2020ல வந்தது. உள்ள இருக்கிறது போஸ்ட்கிரெஸ். அதாவது நம்ம காலேஜ்ல படிச்ச அதே டேபிள், ரோ, ஜாயின். "மூணு எம்ப்டிக்கு மேல பாக்கி வெச்சிருக்கிற, இந்த மாசம் காசும் தராத வீடு எது?" இது எஸ்க்யூஎல்ல நாலு வரி. வழக்கமான ஃபயர்ஸ்டோர்ல ரெண்டு கலெக்ஷன ஜாயின் பண்ண வழி கிடையாது. ஒவ்வொரு டெலிவரிக்கும் பாக்கித்தொகைய நாமளே கூட்டிக் கழிச்சு இன்னொரு இடத்துல எழுதி வெச்சுக்கிட்டே வரணும். எங்கயாவது ஒண்ணு விட்டுப் போச்சுன்னா மாசக் கடைசில அண்ணன் முகத்த பாக்க முடியாது.

நாலு வரி குவரி ஓடி, பதிமூணு வீட்டு அட்ரஸ் வந்து நின்னப்ப அண்ணன் ஃபோன வாங்கிப் பாத்துட்டு, "இவனா? இவன் ஊருக்கே நியாயம் பேசுவானே!"ன்னாரு. அந்த ஒரு டயலாக்குக்காகவே நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாஞ்சேன்னு வெச்சுக்கோங்க.

அட்ரஸ்னதும் ஒண்ணு சொல்லணும். அல்சூர் அட்ரஸ எந்த டேபிள்லயும் அடைக்க முடியாது. "வள்ளுவர் சிலைக்கு பின்னாடி, பச்சை கேட்டு, நாய் இருக்கு." இதுதான் அட்ரஸ். (ஏரிக்கரை வள்ளுவர் சிலைதான், பதினெட்டு வருஷம் மூடியே கெடந்து 2009ல திறந்தாங்களே.) கடைக்காரர் தமிழ்ல சொல்றாரு, வீட்டம்மா கன்னடத்துல சொல்றாங்க, டெலிவரி பையனுக்கு ஹிந்தி மட்டும்தான் படிக்க வரும். 'நாய் இருக்கா' மட்டும் தனி காலம் ஆக்கி, படம் போட்டு வெச்சேன். பசங்க மத்தியில ரொம்ப ஹிட்டான ஃபீச்சர் அதுதான்.

சரி, விட்ட இடத்துக்கு வரேன். சூப்பாபேஸ்ல எல்லாம் சொகமான்னா, இல்ல. பேஸ்மெண்ட்ல மாட்டுச்சு.

கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கம் அபார்ட்மெண்ட்ல கேன் எறக்குறது பேஸ்மெண்ட் பார்க்கிங்ல. அங்க எந்த சிம்முக்கும் சிக்னல் கிடையாது. லிஃப்டுக்குள்ளயும் கிடையாது. ஃபயர்ஸ்டோர் இந்த இடத்துல ராஜா. ஆண்ட்ராய்டுலயும் ஐஃபோன்லயும் ஆஃப்லைன் வசதி எதையும் தொடாமலே ஆன்ல இருக்கும். எண்ட்ரி ஃபோன்ல உக்காந்துக்கும், மேல வந்து சிக்னல் கிடைச்சதும் தானா போயிடும். சூப்பாபேஸ்ல அப்படி உள்ளயே வெச்சுக் குடுத்த ஆஃப்லைன் இல்ல. பவர்சிங்க் மாதிரி இன்னொரு சேவைய சேர்க்கணும், இல்லன்னா நாமளே எழுதிக்கணும்.

அந்த வீடியோ டேபிள்ல இந்த வரியே இல்லங்கறத கவனிச்சீங்களா?

நான் நாமளே எழுதிக்கலாம்னு போனேன். ஏன்னா, கொஞ்சம் யோசிச்சா சிங்க் கஷ்டமாகுறது ரெண்டு பேர் ஒரே வரிய மாத்தும்போதுதான். இங்க யாரும் எதையும் மாத்துறதில்ல. '304க்கு ரெண்டு கேன், ஒரு எம்ப்டி'. இன்னொரு வரி. இன்னொரு வரி. சேர்ந்துக்கிட்டே போகுது, அவ்ளோதான். அதனால ஃபோன்லயே ஒரு சின்ன எஸ்க்யூலைட் க்யூ, ஒவ்வொரு எண்ட்ரிக்கும் ஃபோன்லயே ஒரு ஐடி. அதே எண்ட்ரி ரெண்டு தடவ போனாலும் ஐடி ஒண்ணுங்கறதால டேட்டாபேஸ் ரெண்டாவத ஏத்துக்காது. நூறு வரி கோட் கூட வரல. ஒரே பில்ல மூணு பேர் திருத்துற ரெஸ்டாரண்ட் ஆப்பா இருந்தா இந்த வேலைக்கு நான் போயிருக்கவே மாட்டேன். நேரா ஃபயர்ஸ்டோர்.

(சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு ராத்திரி கோயில சுத்தி வண்டியே நகராது, பாதி எண்ட்ரி மறுநாள் காலைலதான் வந்து சேரும். அதனால ஃபோன் நேரம், சர்வர் நேரம் ரெண்டையும் சேர்த்து வெச்சுக்கோங்க. பின்னாடி என்ன திட்டாதீங்க.)

அடுத்த முள்ளு, ஓடிபி.

இந்தியாவுல ஆப்புன்னா ஃபோன் நம்பர் லாகின். எஸ்எம்எஸ் அனுப்பணும். நம்ம நாட்டு வழியில கமர்ஷியல் எஸ்எம்எஸ் அனுப்பணும்னா டிராய் விதிப்படி டிஎல்டில பதியணும். கம்பெனி பேர், அனுப்புற ஹெடர், மெசேஜோட டெம்ப்ளேட் வரைக்கும். தண்ணி கேன் கடைக்கு யாருய்யா இதெல்லாம் பண்றது? ஃபயர்பேஸ்ல எஸ்எம்எஸ் கூகுளே அனுப்பிடும், இந்த தலைவலி நமக்கு வராது (ஆனா அதுக்கு பில்லிங் போட்ட பிளான் வேணும்). சூப்பாபேஸ்ல ட்விலியோ மாதிரி ஒரு ஆள நாமதான் கூட்டிட்டு வரணும். நம்ம ஊர்ல நிறைய பேர் ஃபயர்பேஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு டேட்டாபேஸ் காரணமே இல்ல, ஓடிபிதான் காரணம்னு நான் அடிச்சு சொல்வேன்.

எங்க கதைல அண்ணனே ஒரு கேள்வி கேட்டு முடிச்சுட்டாரு. "அஞ்சு பசங்களையும் எனக்கு தெரியும், எதுக்கு ஓடிபி?" உண்மைதானே! ஆளுக்கு ஒரு பின் நம்பர். முடிஞ்சுது.

இனிமே சொல்றதுல மட்டும் சிரிக்க ஒண்ணும் இல்ல. பூட்டு.

இந்த தளங்கள்ல ஆப் நேரா டேட்டாபேஸோட பேசுது. நடுவுல உங்க சர்வர் இல்ல. அப்ப யாரு எத பாக்கலாம்ங்கற விதிய நீங்கதான் எழுதணும். ஃபயர்ஸ்டோர்ல 'டெஸ்ட் மோட்'ல ஆரம்பிச்சா 30 நாளைக்கு கதவு திறந்தே கெடக்கும். சூப்பாபேஸ்ல டேபிள எஸ்க்யூஎல்ல உருவாக்கினா, ரோ லெவல் செக்யூரிட்டிய நீங்க கையால ஆன் பண்ணணும். பண்ணலன்னா, ஆப்ல இருக்கிற பொது சாவிய எடுத்தவன் எவனும் முழு டேபிளையும் அள்ளிட்டு போகலாம்.

2018ல ஆப்தாரிட்டின்னு ஒரு பாதுகாப்பு நிறுவனம் தேடிப் பாத்து, 2,200க்கு மேல ஃபயர்பேஸ் டேட்டாபேஸ் பூட்டே இல்லாம கெடக்குன்னு சொல்லுச்சு. உள்ள 10 கோடிக்கு மேல ரெக்கார்டு. 2025ல லவபிள்ங்கற ஏஐ கருவி வெச்சு கட்டின 170 ஆப்ல சூப்பாபேஸ் விதிகள் சரியில்லாம ஓட்டைன்னு வந்துச்சு. அதே வருஷம் ஜூலைல 'டீ'ன்னு பெண்களுக்கான ஒரு அமெரிக்க ஆப்லேர்ந்து 72,000 படம் வெளிய போச்சு, அடையாள அட்டை படங்களோட. அதுவும் திறந்து கெடந்த ஸ்டோரேஜ்தான். கம்பெனி எதுவா இருந்தாலும் ஓட்டை ஒரே மாதிரி. சாவி நம்ம கைல, பூட்டினது இல்ல.

நம்ம கடையோட டேட்டாவ யோசிங்க. எந்த வீட்டுல யாரு இருக்காங்க, ஃபோன் நம்பர், எந்த வாரம் கேன் வாங்கல, அதாவது எந்த வாரம் வீடு பூட்டி இருந்துச்சு! திருடனுக்கு இத விட என்ன வேணும்? எஸ்க்யூஎல்ல ஒரு விதி: லாகின் பண்ணவனோட ரூட்டும் இந்த வரியோட ரூட்டும் ஒண்ணா இருந்தாத்தான் காட்டு. எழுதினதும் ஒரு பையனோட ஃபோன்லேர்ந்து அடுத்தவன் ரூட்ட கேட்டுப் பாத்தேன். காலி லிஸ்ட் வந்துச்சு. காலி லிஸ்ட்ட பாத்து இவ்ளோ சந்தோஷப்படுற தொழில் உலகத்துல வேற இருக்காது.

இப்ப தலைப்புக்கு வரேன்.

பார்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? நாங்க எல்லாம் இந்த வேலைக்கு வந்த காலத்துல அதுதான் சூப்பர் ஸ்டார். 2013ல ஃபேஸ்புக் வாங்குச்சு. "ஆஹா, ஃபேஸ்புக்கே வாங்கிடுச்சு, இனி அசைக்க முடியாது"ன்னாங்க. 2016 ஜனவரில அதே ஃபேஸ்புக் மூடப்போறோம்னு சொல்லிடுச்சு. ஒரு வருஷம் டைம். அதுலயும் ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, பார்ஸ் சர்வர ஓப்பன் சோர்ஸா விட்டுட்டு போனாங்க. இல்லன்னா பல பேர் நடுத்தெரு.

பழைய கதைன்னு தள்ளாதீங்க. 2025ல மட்டும் பாருங்க: மே மாசம் ஃபானா டேட்டாபேஸ் சேவைய மூடிட்டாங்க. ஆகஸ்ட் 25, ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் காலி. செப்டம்பர் 30, மாங்கோடிபியோட டிவைஸ் சிங்க் காலி. எல்லாமே ஒரு காலத்துல பச்சை டிக் வாங்கினதுதான்.

பெங்களூர்ல வீடு பாக்குறவங்களுக்கு இது சொல்லிப் புரிய வைக்கணுமா? பால்கனி காட்டுவாரு, காவிரி தண்ணி இருபத்தினாலு மணி நேரம்பாரு. நாம கேக்குறது என்ன? "காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்கு எவ்ளோ புடிப்பீங்க?" அந்த கேள்விய ஃபயர்பேஸ்கிட்டயும் சூப்பாபேஸ்கிட்டயும் கேளுங்க.

சூப்பாபேஸ் பதில்: பிஜிடம்ப் போடு, ஒரு ஃபைல் வரும். எந்த போஸ்ட்கிரெஸ்லயும் ஏத்திக்கோ. லாகின் பண்ணவங்க லிஸ்டும் அதே டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்தான், அதுவும் வரும். ஃபைல், படம், ஃபங்ஷன் எல்லாம் தனியா தூக்கணும், அது வேல இருக்கு. ஃபயர்ஸ்டோர் பதில்: எக்ஸ்போர்ட் இருக்கு, பில்லிங் போட்டிருக்கணும். வர்ற ஃபைல கூகுளோட சரக்குல ஏத்தலாம், வேற இடத்துக்கு நீங்களே உக்காந்து பேர்த்து எழுதணும். வெளிய வரலாம். ஆனா சுவத்துல ஆணி அடிச்ச ஒவ்வொரு ஓட்டைக்கும் காசு.

ஹசுராவ இங்க சொல்லியே ஆகணும், நம்ம ஊர் சரக்கு. ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச தன்மய் கோபால், ராஜோஷி கோஷோட சேர்ந்து ஆரம்பிச்சது. பெங்களூர்லயும் சான்பிரான்சிஸ்கோலயும் ஆபீஸ். 2018ல அவங்க கிராஃப்க்யூஎல் இன்ஜின ஓப்பன் சோர்ஸ் பண்ணாங்க, 2022ல யூனிகார்ன். முழு பாஸ்னு சொல்ல முடியாது. உங்க போஸ்ட்கிரெஸ் மேல உக்காந்து ஏபிஐ குடுக்கும். இப்ப அந்த கம்பெனியோட பார்வ ஏஐ பக்கம், ப்ராம்ப்ட்க்யூஎல்னு போயிடுச்சு. போகட்டும். அத வெச்சு கட்டினவனுக்கு டேபிள் எல்லாம் அவனோட சொந்த போஸ்ட்கிரெஸ்ல அப்படியே இருக்கு. மேல இருக்கிறத கழட்டிட்டு வேற ஒண்ண மாட்டிக்கலாம். கம்பெனி எங்க வேணா போகட்டும், என் டேட்டா இருந்த இடத்துலயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது இதுதான்.

மத்ததெல்லாம் வேகமா: ஆப்ரைட் நல்லாருக்கு, டாக்கர் தெரிஞ்சா நீங்களே நடத்தலாம். பாக்கெட்பேஸ் ஒரே ஒரு ஃபைல், உள்ள எஸ்க்யூலைட், எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா இன்னும் 1.0 வரல, வெர்ஷன் மாறினா உங்க பாடு. "கடைல இருக்கிற பழைய லேப்டாப்லயே ஓட்டிடலாமே"ன்னு அண்ணன் கேட்டாரு. அவரு வாய மூடுறதுக்குள்ள கரண்ட் போச்சு. பெஸ்காமுக்கு நன்றி.

எங்க சர்வர் மும்பை ரீஜன். இத முதல் நாளே பாத்துக்கோங்க, ஃபயர்ஸ்டோர்ல ஒரு தடவ இடம் தேர்ந்தெடுத்தா அப்புறம் மாத்தவே முடியாது, சூப்பாபேஸ்லயும் புது ப்ராஜெக்ட் போட்டு மாறணும். காசுன்னு வந்தா, சூப்பாபேஸ் ப்ரோ மாசம் 25 டாலர். ரெண்டாயிரத்து சொச்சம் ரூபா, கடைக்கு ரொம்ப அதிகம். இப்போதைக்கு இலவச பிளான்தான். 500 எம்பில இந்த கணக்கு பல வருஷம் ஓடும். ஆனா இலவசத்துல தானா பேக்கப் கிடையாது. அதனால தினமும் ராத்திரி ஒரு டம்ப் அண்ணனோட சொந்த கூகுள் டிரைவுக்கு போகுது. எங்கிட்ட இல்ல, அவர்கிட்ட. நாளைக்கு எங்களுக்குள்ள சண்ட வந்தாலும் வேற ஒருத்தன கூப்ட்டு அந்த ஃபைல குடுத்துக்கலாம்.

மருமகனுக்கு? அவன் கட்டுறது நாலு ஃப்ரெண்ட்ஸ் பேசுற சாட் ஆப், வைவால காட்டணும். சூப்பாபேஸ் இலவச ப்ராஜெக்ட ஒரு வாரம் யாரும் தொடலன்னா நிறுத்தி வெச்சிரும். லீவு முடிஞ்சு வந்து எக்ஸ்டர்னல் முன்னாடி திறந்தா வெறும் வட்டம் சுத்தும். அவனுக்கு ஜாயின் வேணாம், கணக்கு வேணாம், வெளிய போற வழியும் வேணாம். டிகிரி வாங்கினதும் அந்த ஆப்ப அவனே மறந்துடுவான்.

ஒரே வார்த்தை கேட்டான்ல. "ஃபயர்பேஸ்"னு அனுப்பினேன்.

"அப்ப நீங்க ஏன் மாமா சூப்பாபேஸ்?"ன்னு திருப்பி கேக்குறான். லிங்க் அனுப்பிட்டேன், படிக்கட்டும்.

அண்ணனுக்கு இப்ப கேன்ல க்யூஆர் ஒட்டணுமாம், எந்த கேன் யார் வீட்ல தூங்குதுன்னு தெரியணுமாம். தண்ணில ஊறியும் உரியாத ஸ்டிக்கர் எஸ்பி ரோட்ல எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா கீழ சொல்லுங்க.